ரேஷன் எண்ணெயும் எங்கள் ஊர்த் தென்னந்தோப்பும்

போன மாதம் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பை, காலி எண்ணெய்த் தூக்கு, குடும்ப அட்டை. "பருப்பு வந்திருக்குதா, பாமாயில் வந்திருக்குதா?" என்று முன்னால் இருப்பவரை ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டிருந்தோம். எதிர்ச் சுவரில் விவசாயிகள் சங்கத்தார் ஒட்டிய நோட்டீஸ் ஒன்று. ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுக்கச் சொல்லி ஆர்ப்பாட்டமாம்.

எனக்கு முன்னால் இடுப்பில் குழந்தையுடன் நின்ற ஓர் இளம்பெண் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க்கா, தேங்கா எண்ணெய் குடுத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா இதே 25 ரூபாய்க்குக் குடுப்பாங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வந்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் நெகமம் பக்கத்துத் தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். அந்த நோட்டீஸில் இருப்பது என் அண்ணன் கேட்கும் கேள்வி. இவள் கேட்டது அடுப்படிக் கேள்வி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றனவே என்று வீடு வரும் வரை மனசு குடைந்துகொண்டே இருந்தது. அந்த வார விடுமுறையிலேயே பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அங்கே பார்த்ததையும் கேட்டதையும், அதற்கு முன்னும் பின்னும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பாரு காலத்தில் அந்த நிலத்தில் தென்னை கிடையாது. சோளம், கம்பு, நிலக்கடலை, பருத்தி. வீட்டில் மத்தியானம் கம்பஞ்சோறு அல்லது சோளச்சோறு. நெல்லுச்சோறு நோம்பி நாளைக்குத்தான். கடலையைச் செக்கில் கொடுத்து ஆட்டி வருஷத்துக்கான எண்ணெயைத் தகர டின்னில் வைத்திருப்பார்கள். 1962-ல் ஆழியாறு அணை வந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் தண்ணீர் வாய்க்காலில் வந்ததும் நிலம் மெதுவாக மாறியது. பிறகு மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆட்கள் போக, காட்டு வேலைக்கு ஆள் குறைந்தது. ஆள் அதிகம் கேட்காத பயிர் என்று எல்லோரும் தென்னை வைத்தார்கள். என் கல்யாணத்தின்போது சோளத்தட்டு அடுக்கிய போர் ஒன்றுகூட எங்கள் ஊரில் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தென்னை விவசாயியின் வீட்டிலேயே அரிசியும் பருப்பும் கடையில் வாங்குவது என்று ஆகிப்போனது அப்போதுதான். ஒற்றைப் பயிரை நம்பி உட்கார்ந்த பிறகு, அந்தப் பயிருக்கு ஒரு தலைவலி வந்தால் வீடே படுத்துக்கொள்கிறது.

தலைவலி வந்தது 2016-ல். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவித்தார்கள். லாரியில் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றியவர்கள் உண்டு. எங்கள் அண்ணனும் ஊற்றினார். அப்படியும் அறுபது மரம் மொட்டையாகிச் சாய்ந்தது. அதே 2016-ல்தான் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ என்ற பூச்சி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. நடு அமெரிக்கப் பக்கத்துப் பூச்சியாம். ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலையில் விழுந்து, கரிப் பொடி தூவியதுபோல் கறுப்புப் பூசணம் படரும். வெயிலும் வறட்சியும் என்றால் அதற்குக் கொண்டாட்டம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், "மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் இந்த ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளும் செத்துப்போகும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், என்கார்சியா ஒட்டுண்ணியை விடுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்" என்கிறார்கள். இதோடு கேரளத்திலிருந்து வந்த வேர்வாடல் நோய் வேறு. அதற்கு மருந்தே இல்லை. நோய் முற்றிய மரத்தை வெட்டுவதுதான் வழி.

"ஈ வந்த மரத்தைப் பாத்தா, மூஞ்சியில கரி பூசின மாதிரி இருக்குது அம்மிணி" என்றார் நங்கையா. (அண்ணியைத்தான் நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம்.) "2023-ல காய் பத்து ரூபாய்க்குக்கூடப் போகாம நடுரோட்டுல உடைச்சுப் போராட்டம் பண்ணினாங்க. 2025-ல வெலை ஏறுச்சு. வெலை ஏறுனப்ப மரத்துல காய் இல்ல. இதென்ன கணக்குன்னு தெரியலையே!"

இப்போது அந்த எண்ணெய்த் தூக்குக்கு வருவோம்.

ரேஷனில் வரும் பாமாயில் தமிழ்நாட்டில் விளைந்தது அல்ல. உலகத்தில் பாமாயிலை அதிகம் விளைவிப்பவை இந்தோனேஷியாவும் மலேசியாவும். அதிகம் இறக்குமதி செய்வது நம் நாடு. நம் நாட்டுச் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேஷியா, தன் மக்களுக்கே எண்ணெய் பற்றவில்லை என்று ஏற்றுமதியை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறதா? சுமார் மூன்று வாரம். அந்தச் சமயத்தில் நம் மளிகைக் கடையில் எல்லா எண்ணெயின் விலையும் துள்ளியது. எங்கோ ஜகார்த்தாவில் போட்ட கையெழுத்து என் தாளிப்புக் கரண்டி வரைக்கும் வந்துவிட்டது!

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் செம்பனைத் தோட்டம் போடுவதற்காகப் பெருங்காடுகளை அழித்தார்கள். அங்கே பல இடங்களில் மண்ணே இலைதழை மட்கிப் பல அடி ஆழத்துக்குச் சேர்ந்த சதுப்பு. அதில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் மண் காய்ந்து, தீ வைத்தால் விறகு மாதிரி பூமிக்குள்ளேயே எரியும். 2015-ல் இந்தோனேஷியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. புகை சிங்கப்பூர், மலேசியா வரை மூடிப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் இருந்த கரி ஒரே கோடையில் ஆகாயத்துக்குப் போனது. ஆகாயத்துக்கு எல்லை ஏது? பூமியின் சூடு ஏற ஏற மழை முறை தவறும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். எங்கள் ஊர் 2016 வறட்சிக்கு அந்தத் தீதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காட்டை எரித்து மலிவாக வந்த எண்ணெய் எங்கள் தேங்காயின் விலையை ஒரு பக்கம் அடிக்கிறது. ஏறிய சூடு மரத்தை மறு பக்கம் அடிக்கிறது.

அங்கே நிலம் இழந்தவர்கள் யார் என்றும் படித்தேன். போர்னியோவின் டயாக் மக்கள். காட்டில் ரப்பரும் பழமும் பிரம்பும் சேகரித்துப் பிழைத்த பெண்கள், அதே மண்ணில் தோட்டக் கூலியானார்கள். மலேசியாவில் நம் தமிழர்களின் கதை வேறு விதம். அவர்கள் தாத்தா பாட்டிகள் ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு வீட்டு மனையாக்கியபோது மூன்று தலைமுறை குடியிருந்த லயத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. காய் பறித்தவர்களுக்குக் காலடி மண் சொந்தமில்லை. இதைப் படித்தபோது, எங்கள் தோப்புக்கு அடுத்த காலனியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்ன சொந்தம் என்று நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

போராட்டம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1970-ல் பம்புசெட் மின்சாரக் கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்துக் கிளம்பியது. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு முன்னால் நின்றார். 1972-ல் கோவை நகரத்துத் தெருக்களை ஆயிரக்கணக்கான கட்டை வண்டிகள் அடைத்துக்கொண்டன. எனக்கு அப்போது ஆறு வயசு. அப்பா வண்டி கட்டிக்கொண்டு போனதும், அம்மா கட்டுச்சோறு மூட்டை கட்டிக் கொடுத்ததும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அந்த இரண்டு வருஷப் போராட்டங்களில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிர் போயிற்று. ஜூலை 5-ஐ இன்றும் விவசாயத் தியாகிகள் தினமாக அனுசரிக்கிறார்கள். கடைசியில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது.

நான் விவசாயி மகள்தான், என்றாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். மின்சாரம் இலவசம் என்றதும் மோட்டார் ராத்திரி பகலாக ஓடியது. கிணறு போய்ப் போர் வந்தது. 200 அடி, 500 அடி, இப்போது ஆயிரம் அடி. போராடி வாங்கிய உரிமை நியாயம். ஆனால் பூமிக்கடியில் இருந்த தண்ணீர் எல்லோருக்கும் பொது என்பதை நாங்கள் மறந்துபோனோம். ஊரில் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் எல்லாம் பெண்கள்.

அதனால்தான் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக மக்கள் அறுபது வருஷமாகக் கேட்டார்கள். பவானியின் உபரி நீரை எடுத்துக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். வேடிக்கை பாருங்கள்: அந்தத் தண்ணீருக்குக் காத்திருந்த அன்னூர்ப் பக்கத்தில்தான் 2021-ல் தொழிற்பேட்டைக்காக 3,800 ஏக்கருக்கு மேல் எடுக்கப்போவதாக உத்தரவு வந்தது. பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போராட்டத்துக்கு வந்தார்கள். 2022 டிசம்பரில், விவசாயிகள் விருப்பமில்லாமல் அவர்கள் நிலத்தை எடுக்க மாட்டோம் என்று அரசு அறிவித்தது. அங்கே தண்ணீர்ப் போராட்டமும் நிலப் போராட்டமும் நடத்தியது ஒரே குடும்பங்கள். தண்ணீர் வரும்போது நிலம் கையில் இருக்க வேண்டாமா?

இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பேசும் உலக விவசாயிகள் அமைப்பு ஒன்று இருக்கிறது. பெயர் லா வியா கம்பெசினா. 1993-ல் பெல்ஜியத்தில் தொடங்கியது. 1996-ல் ரோமில் உலக உணவு மாநாடு நடந்தபோது இவர்கள் 'உணவு இறையாண்மை' என்று ஒரு பேச்சை முன்வைத்தார்கள். வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. என்ன விளைவிப்பது, எதைச் சாப்பிடுவது என்று முடிவு செய்யும் உரிமையும் அந்தந்த மக்களிடம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2007-ல் ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் இதற்காகக் கூடிய மாநாட்டுக்கு 'நியெலெனி' என்று பெயர் வைத்தார்கள். அது அந்த நாட்டு மக்கள் போற்றும் ஒரு விவசாயப் பெண்ணின் பெயர்! 2018-ல் ஐ.நா. சபையும் விவசாயிகள், கிராமத்து உழைப்பாளிகள் உரிமைகளுக்கென்று ஒரு பிரகடனம் நிறைவேற்றியது.

மாநாட்டுப் பேச்சு இருக்கட்டும். எங்கள் ஊர்க் களத்துக்கு வாருங்கள்.

நங்கையாவுடன் தேங்காய்ப் பருப்புக் களத்துக்குப் போனேன். கொப்பரையை எங்கள் பக்கம் பருப்பு என்றுதான் சொல்வோம். நல்ல வெயில். காயை உடைத்து, காய வைத்து, தொட்டியிலிருந்து பருப்பைப் பெயர்த்து எடுப்பதெல்லாம் பெண்கள் வேலை. அதில் ஒருவர் என்னைச் சின்ன வயசிலிருந்து அறிந்தவர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஊர் வழக்கம் அப்படி. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "வாங்கக்கா" என்று கூப்பிட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சிரித்தார்.

ரேஷன் எண்ணெய் பற்றிக் கேட்டேன்.

"பருப்புல வேலை செய்யறேன், ஊட்டுல பாமாயில்ல ஆக்கறேன் அம்மிணி. இந்த எண்ணெய் கிலோ நானூறுன்னா நான் எங்க போவேன்? தோப்புக்காரங்களுக்கு வெலை வேணும், நெசந்தான். எங்களுக்கு அந்தப் பாக்கெட்டும் வேணுமுங்களே!"

2025-ல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது நகரத்தில் இருக்கும் நானே கைச்சுருக்கம் செய்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் ஒன்றரைக் கிலோ பருப்பு; அதற்குப் பத்துக் காயாவது வேண்டும். தமிழ்நாட்டில் 2 கோடிக்கு மேல் குடும்ப அட்டைகள். எல்லோருக்கும் மாதம் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் என்றால் வருஷத்துக்கு 240 கோடிக் காய்! மாநிலத்து விளைச்சலில் பெரும் பங்கு இதற்கே போய்விடும். இளநீருக்கும் சட்னிக்கும் மிச்சம் எங்கே? ஆகவே 'பாமாயிலை நிறுத்து' என்று ஒரே அடியாகச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தென்னை விளையும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் முதலில் கொடுத்துப் பார்க்கலாம். கடலை விளையும் இடத்தில் கடலை எண்ணெய். விலை வித்தியாசத்தை அரசு ஏற்க வேண்டும். களத்துப் பெண்ணின் 25 ரூபாய் 25-ஆகவே இருக்க வேண்டும். விவசாயியிடம் நேராகக் கொள்முதல் செய்தால் காய் பத்து ரூபாய்க்கு விழும் வருஷத்திலும் தாங்கிப் பிடிக்கும். இப்படி ஒரு வழி நடந்தும் இருக்கிறது: 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தந்த மண்ணில் விளைவதை அந்தந்த ஊர்த் தட்டில் போடுவதுதானே அது?

உடம்பு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. போராட்டக்காரர்களில் சிலர் தேங்காய் எண்ணெய் அமிர்தம், பாமாயில் விஷம் என்கிறார்கள். அப்படி இல்லை. இரத்தத்தில் கொழுப்பை ஏற்றும் பூரிதக் கொழுப்பு பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. தேங்காய் எண்ணெயிலோ பத்தில் ஒன்பது பங்கு வரை. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்குள். ஆகவே எங்கள் தோப்பு எண்ணெய் என்பதற்காக நான் அதை மட்டுமே ஊற்றச் சொல்ல மாட்டேன். மாற்றி மாற்றி உபயோகிப்பதும், எதுவானாலும் ஓர் ஆளுக்கு நாளைக்கு நாலைந்து டீஸ்பூனோடு நிறுத்துவதும் நல்லது. வீட்டில் இருதய நோயாளி இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். ரேஷன் பாக்கெட்டைவிட எனக்குக் கவலை, குழந்தைகள் கையில் இருக்கும் பிஸ்கட், சிப்ஸ் பொட்டலங்கள்தான். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பாமோலின் என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்பிச்சி ஊரில் எங்களுக்குக் கொடுத்த வறுத்த கடலைக்கும் வெல்லத்துக்கும் பொட்டலமே கிடையாது.

அன்று சாயங்காலம் களத்து அக்கா இன்னொரு விஷயம் கேட்டார். நிலமில்லாத ஆதிதிராவிட, பழங்குடிக் கூலிப் பெண்கள் தங்கள் பேரில் விவசாய நிலம் வாங்க 'நன்னிலம்' என்று 2023-ல் ஒரு திட்டம் வந்தது. தாட்கோ மூலம் பாதி மானியம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், மீதி கடன். அவருடைய மகள் அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம்.

"பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களுக்கு நெலம் விக்கறதுக்கு யாரு வர்றா? நீங்க உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க அம்மிணி."

அண்ணன் திண்ணையில்தான் இருந்தார். பக்கத்துத் தோப்பை வாங்கியவர்கள் மரத்தை வெட்டி ஸைட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். இவருக்கும் அதே யோசனை. மரம் போன நான்கு ஏக்கரை மனை போட்டுவிடலாம் என்று தரகர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். நான் என் மனசில் இருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல எனக்கு என்ன பாத்தியதை என்று நாக்கு தடுத்தது.

1989-ல் தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. 1990-ல் எனக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, "சும்மா ஒரு கையெழுத்துத்தான் கண்ணு" என்றார். படிக்காமலேயே போட்டுக் கொடுத்தேன். அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பேர். யாருக்கு விடுதலை என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. நங்கையா அந்த மண்ணில் முப்பத்தெட்டு வருஷமாகப் பாடுபடுகிறார். அவர் பேரிலும் ஒரு சென்ட் கிடையாது.

"அண்ணா, நாலு ஏக்கரையும் மனை போட வேண்டாம். ஒரு ஏக்கரை அந்தப் பிள்ளைக்கு விலைக்குக் குடுக்கலாமே. மீதியில கடலை போடலாம்" என்றேன் கடைசியில்.

அவர் பதில் சொல்லவில்லை. நங்கையாதான் உள்ளேயிருந்து, "மனைக்கு வர்ற வெலை அவங்களால குடுக்க முடியாதுதான். ஆனா ஏனுங், போருல தண்ணி இல்லாத காட்டுக்கு மனை போட்டாலும் யாரு குடி வர்றது?" என்றார். அண்ணன் சிரித்துவிட்டார். தரகருக்கு இன்னும் தேதி சொல்லவில்லையாம். தை கழியட்டும் என்றிருக்கிறார்.

கிளம்பும்போது நங்கையா செக்கில் ஆட்டிய எண்ணெய் இரண்டு பாட்டில் கொடுத்தார். ஒன்றை வழியில் களத்து அக்கா வீட்டில் கொடுத்தேன். அடுத்த மாதம் ரேஷன் கடைக்குப் போகும்போது அந்த இளம்பெண்ணைத் தேட வேண்டும்.